பின்வரிசையில் ஓரிடம்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கப் போகும்போதுதான் செம்மொழி அந்த ஈரத் தடங்களைப் பார்த்தாள். விடுதி நடையின் சிமெண்டுத் தரையில் வெறுங்கால் தடங்கள். பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து பேருடையவை. மூன்றாம் எண் அறை வாசலில் தொடங்கிக் குளியலறை வரை போயிருந்தன. சேர்ந்து குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டி நடந்தவள், குழாயைத் திறந்த பிறகுதான் திகைத்தாள். குளித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கால் நனைந்திருக்கும். குளிக்கப் போகிறவர்களுக்கு எப்படி நனையும்?

மூன்றாம் அறை பூட்டியே கிடந்தது. அந்தப் பின்வரிசையில் பாதி அறைகளுக்கு ஆள் கிடையாது.

முதல் வருடம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே கூடம். இருபத்துநான்கு கட்டில், இருபத்துநான்கு டிரங்குப் பெட்டி. இரண்டாம் வருடம் தொடங்கும்போது ஒரு படிவத்தைக் கொடுத்து, எங்கே தங்க விருப்பம் என்று எழுதச் சொன்னார்கள். புதுக் கட்டடத்து மாடியில் நான்கு பேர் அறை. பழையபடி கூடத்தில் ஒரு கட்டில். இல்லையென்றால் மெஸ்ஸுக்குப் பின்னால், தரைத்தளத்தில், இரண்டு பேர் அறைகள் உள்ள பின்வரிசை. எல்லோரும் மாடியை எழுதினார்கள். பின்வரிசையில் சுவரெல்லாம் ஓதம், பூரான் வரும் என்றார்கள். செம்மொழி அதைத்தான் முதலில் எழுதினாள். நன்னிலம் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறை கிடையாது. இங்கே பதினான்காம் அறை, வரிசையின் கடைசி; ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு தாழ்ப்பாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த அக்காக்கள் பெங்களூருக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த மேசையில் உட்கார்ந்து படித்தால் தானும் போய்விடலாம் என்று அவள் நம்பினாள்.

புதன்கிழமை தடங்கள் ஆறாம் அறை வாசலில் தொடங்கின. வியாழக்கிழமை, ஒன்பதாம் அறை. விரல்கள் எப்போதும் குளியலறைப் பக்கம், குதிகால்கள் அவள் அறைப் பக்கம். வெள்ளிக்கிழமை விடியும்போது விழிப்பு வந்து, போர்வைக்குள் அசையாமல் கிடந்தபடி, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்த ஒரு வாசனையை அவள் மூச்சோடு இழுத்தாள். சேறும், பறித்த நாற்றின் பச்சை வேரும், ஊறிய தோலும் கலந்த வாசனை. கூடவே ஒரு சத்தம். விரல் சேற்றில் இறங்கி ஏறுகிற சத்தம். ஐந்தாறு கைகள் ஒரே தாளத்தில்.

பக்கத்துக் கட்டிலில் அறைத்தோழி தரங்கம்பாடி ஜாஸ்லின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூசைக்கு நாலு நாள் விடுமுறை.

"ஜாஸ்லின், உனக்கு நாத்து வாசனை அடிக்கலையா?"

"நாத்தா? எனக்கு நேத்து சாம்பார் வாசனைதான் அடிக்குது. நீயும் எங்க ஊருக்கு வாடி. இங்க தனியா என்ன பண்ணுவே?"

"ரெக்கார்டு முடிக்கணும்."

ஜாஸ்லின் போய்விட்டாள். மதியத்துக்குள் எல்லா அறைகளிலும் பூட்டு தொங்கியது.

சனிக்கிழமை காலை தடங்கள் பன்னிரண்டாம் அறைக்கு வந்திருந்தன. செம்மொழி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தடத்திலும் குதிகால் அழுந்தி, விரல்கள் லேசாகப் பதிந்திருந்தன. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு வயலில் இறங்கியது நினைவுக்கு வந்தது. நடவு நடுகிறவர்கள் முன்னால் போவதில்லை. குனிந்து, நட்ட பயிரைப் பார்த்தபடியே, பின்னால் எட்டு வைத்து நகர்வார்கள்.

இவர்கள் யாரும் குளியலறைக்குப் போகவில்லை. அங்கிருந்து வருகிறார்கள்.

கேட்டுக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அம்சம் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ரூமுக்குப் பின்னாடி என்ன இருக்கு பாப்பா?"

"வாய்க்காம்மா. ஒரு ஒடஞ்ச மதகு."

"மதகுக்கு மேக்கால ரெட்டைப் பனை நிக்குதா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"



"நீ வயித்துல இருந்தப்ப, ஒங்க விடுதி கட்டுறதுக்கு முன்ன, அந்த வயலுக்கு நடவுக்கு வந்தோம். லாரில ஏத்திட்டு வந்தாங்க. ஆறு பேரு வரிசையா நின்னு நட்டோம். எனக்கு மசக்கை, தல சுத்துதுன்னு நடுவுலேருந்து கரையேறிட்டேன். அப்பதான் இடி விழுந்துச்சு. அஞ்சு பேரும் கீழ விழல பாப்பா. குனிஞ்சது குனிஞ்ச மேனிக்கே நின்னாங்க. நடுவுல என் எடம் மட்டும் காலியா... இன்னிக்கே மாடிக்கு மாத்திக்க. இல்லாட்டி கெளம்பி வந்துடு. படிப்பு கெடக்கட்டும்."

மதியம்தான் வந்த வார்டன் ஃபிளோரா, மாடிக்கு மாற்றித் தரக் கேட்டதும், அறைப் பட்டியல் ஒட்டியாயிற்று என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படி நடுங்குற? சரி, மாடியில ஜெனித் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. சாமான எடுத்துட்டு வா, சாவி தரேன்."

மணி மூன்றுதான். ஆனால் வானம் கருத்து, வாய்க்காலுக்கு அப்பால் வயல்கள் மங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் போயிருந்தது. நடை காய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அறைக்குப் போனாள். சான்றிதழ் ஃபைல், ரெக்கார்டு நோட்டு, இரண்டு சுடிதார். போதும். வெளியே வந்து, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பூட்டைப் போட்டாள். மழை ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியது.

திரும்பினாள்.

நடையின் அகலத்துக்கு அவர்கள் நின்றார்கள். புடவையைத் தூக்கிச் செருகிய ஐந்து பெண்கள். அவளுக்கு முதுகைக் காட்டி, இடுப்பளவில் மடிந்து, தலை தெரியாமல். ஊறி வெளுத்த கெண்டைக்கால்கள். ஒரே நேரத்தில் ஐந்து வலது கைகள் தாழ்ந்தன. சிமெண்டு அவற்றை உள்ளே வாங்கியது. அவர்களுக்கு அப்பால், குளியலறை வரைக்கும், நடை முழுக்கப் பச்சை. ஓர் எட்டு பின்னால் வந்தார்கள்.

செம்மொழி பூட்டைத் திறக்கப் பார்த்தாள். சாவி நழுவியது. ணங்கென்று விழவில்லை. சேற்றில் விழுவதுபோல விழுந்து, மூழ்கியது.

இன்னோர் எட்டு.

"மேடம்!" என்று கத்தினாள். மழை அந்தக் குரலை அமுக்கிவிட்டது. பக்கங்களில் வழியில்லை. நடையின் கடைசிச் சுவரில் முதுகு ஒட்டும்வரை நகர்ந்தாள். ஓதச் சுவர். குளிர்ச்சி.

இன்னோர் எட்டு. இப்போது கை நீட்டினால் தொடலாம்.

நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதற்கு இடப்புறம் நின்றவள் நிமிரவில்லை, திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். கையில் ஒரு நாற்று முடி, நடவுக்காகக் கட்டிய சிறு கட்டு. வேரிலிருந்து சேற்றுநீர் சொட்டியது. மற்ற நால்வரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஃபைல் கீழே விழுந்து, மெல்ல அமிழ்ந்தது. இடுப்பு தானாக மடிந்தது. இடதுகை முடியை வாங்கிக்கொண்டது. வலதுகை மூன்று நாற்றைப் பிரித்துத் தரையில் ஊன்றியது. தரை வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர முயன்றாள். முடியவில்லை.

ஆறு பேரும் பின்னால் எட்டு வைத்தார்கள். அவள் குதிகாலுக்குப் பின்னே சுவர் இருக்க வேண்டும்.

குதிகால் சேற்றில் இறங்கியது.