வாளி உயரத்தில் ஒரு ஜன்னல்

அந்த வாளி நீலமா, பச்சையா என்று இப்போது சரியாகத் தெரியவில்லை. பச்சை என்றே வைத்துக்கொள்கிறேன். சிமெண்ட் காய்ந்து ஒட்டிப்போன வாளிக்கு எந்த நிறமானால் என்ன?

எங்கள் வீட்டின் முன்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டினார்கள். பெரியம்மாவுக்காக. நோய் வந்ததில் அவரால் நடக்க முடியாமல் போய்விட்டது. இனி சக்கர நாற்காலிதான். எங்களோடு தங்க வரப்போகிறார்.

அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். அதனால் கட்டுகிற அறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். எதிரே தையல் கடை. அதன் வாசலில் காது மடங்கிய ஒரு நாய். சைக்கிள் பழகுகிறேன் என்று விழுந்துகொண்டே இருக்கும் ஓர் அண்ணன்.

சுவர் வரி வரியாக ஏறியது. முதலில் நாய் மறைந்தது. பிறகு சைக்கிள் சக்கரங்கள். அப்புறம் அந்த அண்ணன் விழுவது சத்தமாக மட்டும் கேட்டது. கடைசியில் தையல்காரரின் வழுக்கைத் தலையும் போயிற்று. ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில் வானம் மட்டும் மிஞ்சியது.

எழுந்து எம்பி நின்றேன். தெரு தெரிந்தது. உட்கார்ந்தேன். வானம்.

பெரியம்மாவால் எழுந்து நிற்க முடியாதே!

கொத்தனாருக்கு நான் வைத்திருந்த பெயர் ரசமட்டம் மாமா. செங்கல் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்க்காமல் ஒரு வரிகூடக் கட்ட மாட்டார். டீ டம்ளர் வைக்கும் பலகையைக்கூட ஒருமுறை மட்டம் பார்த்தார்.

"மாமா, ஜன்னல் ரொம்ப உசரம்."

"உங்கம்மா சொன்ன உசரம், பாப்பா. தெருவுல போறவங்க எட்டிப் பாக்கக் கூடாதாம். நாளைக்குக் காலையில சட்டத்தை நிறுத்திடுவேன். அப்புறம் அசைக்க முடியாது."

"இந்த வாளியில கொஞ்சம் உக்காந்து பாருங்களேன்."

"எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

செங்கல் சுமந்து வந்த அக்கா சிரித்தார். "உக்காருங்க மேஸ்திரி. தேஞ்சா போயிடுவீங்க?"

உட்கார்ந்தார். "வானம் நல்லாத்தானே இருக்கு?"

"நாள் முழுக்கப் பாப்பீங்களா?"

அவர் ரசமட்டத்தைத் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், இறக்கிடறேன்."

அன்று அம்மா வந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

"உக்காரும்மா."

"இதுலயா? துணியெல்லாம் சிமெண்டாயிடும்டி!"

பழைய செய்தித்தாளை விரித்தேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"என்னம்மா தெரியுது?"

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியல."

"பெரியம்மாவுக்கும் அதுதான் தெரியும்."

"இறக்கினா தெருவே உள்ள எட்டிப் பாக்குமேடி."

"பாக்கட்டுமேம்மா. நீ வேலைக்கும் நான் ஸ்கூலுக்கும் போனப்புறம், பெரியம்மாவை யாராவது பாக்கட்டும்."

அம்மா எழுந்திருக்கவில்லை. இடைவெளியில் தெரிந்த வானம் மெல்லக் கறுத்தது. பிறகு என் கையைப் பிடித்து, "நீ தினமும் இங்கதான் உக்காந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை ரசமட்டம் மாமா செங்கற்களைத் தட்டித் தட்டி எடுத்தார். முதலில் தையல்காரரின் தலை திரும்பி வந்தது. அப்புறம் அண்ணன், சக்கரங்கள். கடைசியாக நாய்.

"போதுமா, மேஸ்திரியம்மா?" என்றார் மாமா.

வாளியில் உட்கார்ந்து பார்த்தேன். "போதும்."

ரசமட்டம் மாமா இப்போது வேறு யாருக்கோ வீடு கட்டுகிறார். அந்த அண்ணன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்; இப்போதெல்லாம் விழுவதே இல்லை என்பதில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தையல்காரர் கடை திறந்ததும் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையசைக்கிறார். அம்மா இன்னமும் பொழுது சாய்ந்துதான் வருகிறார். பெரியம்மா அதிகம் பேசுவதில்லை. நானும் அப்படித்தான். பள்ளி விட்டு வந்ததும் அவர் நாற்காலியிலும் நான் வாளியிலுமாக, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.