ஏழுக்கு அடுத்தது ஒன்பது

பள்ளிக்கூடத்தில் கிளாரினெட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கற்றுக்கொள்ளக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர். சண்டை வர வேறென்ன வேண்டும்?

ஒருத்தி மிளகு. ஆள் பொடிசு, வாய் காரம். அதனால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. இன்னொருவன் நெட்டை. ஐந்தாம் வகுப்பிலேயே கரும்பலகையின் மேல் விளிம்பைத் தொடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மியூசிக் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊதுறதுக்கு ஒண்ணு இருக்கு. அடிச்சுக்க ரெண்டு பேர் இருக்கீங்க. சரி, கேட்டுக்கோங்க. திங்கள், புதன் மிளகு வீட்டுக்குக் கொண்டு போகட்டும். செவ்வாய், வியாழன் நெட்டை. வெள்ளிக்கிழமை இங்கே வகுப்பு."

"சனி, ஞாயிறு சார்?" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"அதுக்கும் லீவு வேணாமா? அலமாரியில தூங்கட்டும்."

அப்படித்தான் பாடம் ஆரம்பமானது. கறுப்புப் பெட்டிக்குள் ஐந்து துண்டுகளாகக் கிடந்தது கிளாரினெட். ஒன்றோடொன்று திருகிச் சேர்க்க வேண்டும். ஊதும் முனையில் ரீட் என்ற மெல்லிய பட்டையை வைத்து இறுக்க வேண்டும். அந்த ரீட் மட்டும் ஆளுக்கு ஒன்று. பல் துலக்கும் பிரஷ்ஷை யாராவது பங்கு போட்டுக்கொள்வார்களா?

முதல் இரண்டு வாரம் பாட்டும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. மிளகின் அம்மா பஸ் கண்டக்டர். நாள் முழுக்க இரைச்சலிலேயே இருந்துவிட்டு வீடு திரும்புகிறவர். அவரே காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்க பஸ்ஸோட பிரேக் சத்தமே தேவல போலிருக்கே, தாயே!"

"உதட்டை இறுக்கிக் கடிச்சா அப்படித்தான் வருமாம். சார் சொன்னாரு. பழகப் பழக சரியாயிடும்" என்றாள் மிளகு, கொஞ்சமும் அசராமல்.

மூன்றாவது வாரத்தில் ஒரு சுரம் நேராக நின்றது. அன்றிலிருந்து சார் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். ஒரே மூச்சில், ஒரே சுரத்தை, நடுங்காமல் எவ்வளவு நேரம் ஊத முடிகிறது என்று தினமும் எண்ண வேண்டும். எண்ணியதைப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் எழுத வேண்டும். பத்து வரை நின்றால்தான் பாட்டு சொல்லிக் கொடுப்பார்.

மிளகு சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினாள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறியது. ஒன்பதுக்கு வந்ததிலிருந்து, நெட்டை வீட்டுக்குப் பெட்டி போய்த் திரும்பும்போதெல்லாம் அவன் எண் அவள் எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். அவள் பதினொன்று என்றால் அவன் பன்னிரண்டு. அவள் முகம் சிவக்கச் சிவக்க ஊதிப் பதிமூன்று எழுதினாள். மறுநாள் அட்டையில் பதினான்கு.

"உன் நுரையீரலும் நெட்டையாடா?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்று அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவன் சட்டை எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், அவனிடம் பெட்டியைக் கொடுப்பதற்காக மிளகு பள்ளி வாசலில் நின்றாள். மணி அடித்தது. அவன் வரவில்லை. வகுப்புக்குப் போனால், டீச்சர் வழக்கம்போல் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"நம்ம நெட்டையோட அப்பா நேத்து ராத்திரி தவறிட்டாரு. திடீர்னு நெஞ்சுவலி. கொஞ்ச நாள் அவன் வரமாட்டான்."

மிளகு மேசைக்கு அடியில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அப்போது அவள் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? 'அப்படின்னா இன்னிக்கும் இது என்கிட்டதான்.'

அந்த நினைப்பு ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடியே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். மனதுக்குள் நடந்ததை யார் பார்க்க முடியும்? அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை அவள் பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தாள். அதற்கடுத்த நாளும் திறந்தாள். தினமும் ஊதினால் வராமல் போகுமா? விரல்கள் துளைகளைத் தேடாமலே கண்டுபிடித்தன. சார் அவளுக்கு ஒரு சின்னப் பாட்டே சொல்லிக் கொடுத்துவிட்டார். அட்டையில் நெட்டையின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் அவள் தன் எண்ணை எழுதினாள்.

பத்து நாள் கழித்து நெட்டை பள்ளிக்கு வந்தான். கசங்கிய சட்டை. யாரோடும் அதிகம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மியூசிக் வகுப்புக்கு வராமல் மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே.

அன்று வகுப்பு முடிந்ததும் சார் மிளகைக் கூப்பிட்டார்.

"வர்ற வியாழக்கிழமை தேர்வு. பத்து எண்ணுற வரைக்கும் ஒரு சுரம் ஊதிக் காட்டணும். ஊதாதவங்க பேரை எடுத்துடணும்னு பள்ளிக்கூடத்து விதி. அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், அவன்கிட்டயும் பேசிப் பார்த்தேன். வேண்டாம்னுட்டான். அவன் பேரை எடுத்துட்டா நடுவுல புதுசா யாரையும் சேர்க்க முடியாது. வருஷக் கடைசி வரைக்கும் கிளாரினெட் உனக்கேதான்."

உனக்கேதான். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இப்போது கேட்டதும், தலையை ஆட்டிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் மரத்தடிக்குப் போனாள்.

"நாளைக்கு உன் நாள். பெட்டி கொண்டு வரவா?"

"வேண்டாம். நீயே வச்சுக்கோ." அவன் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

'நீயே வச்சுக்கோ' என்று அவனே சொல்லிவிட்டான். சாரும் சொல்லிவிட்டார். இனி வீட்டுக்குப் போய் நிம்மதியாக ஊத வேண்டியதுதானே? அவள் ஊதத்தான் ஊதினாள். பாட்டு பிசகாமல் வந்தது. ஆனால் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெட்டையின் வீட்டுக்கு நடந்தாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவன் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே."

"இன்னிக்குச் செவ்வாய். உன் நாள். என் வீட்டுல வச்சுக்க எனக்குப் பிடிக்கல."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். சின்னக் கூடம். சுவர் ஓரமாக இஸ்திரி மேசை. அதன் மேல் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. உள் அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவன் அம்மா படுத்திருந்தார்.

மிளகுக்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"உங்கப்பா போயிட்டாருன்னு டீச்சர் சொன்னப்போ, எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இனிமே கிளாரினெட் எனக்குத்தான்னு தோணுச்சு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பெட்டியின் மேல் சொட்டியது.

அடித்து விரட்டப் போகிறான் என்றே அவள் நினைத்தாள்.

"உனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு போட்டியே, அப்ப எனக்கும் அதேதான் தோணுச்சு" என்றான் அவன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள் காய்ச்சல் இருந்தா தேவலைன்னுகூட நெனச்சேன்" என்றான்.

"அடப்பாவி!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அறைக்கதவைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"ஏன்டா ஊத மாட்டேங்கிற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் இஸ்திரி மேசையைக் காட்டினான். "அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிஞ்சு வந்ததும் அங்கே நின்னு எங்க எல்லாருக்கும் துணி தேய்ப்பாரு. நான் ஊதுவேன். அவர் தேய்ச்சுக்கிட்டே சத்தமா எண்ணுவாரு. இப்ப நான் ஊதினா..." அவன் அறைக்கதவுப் பக்கம் திரும்பினான். "எண்ணுற சத்தம் வராதே. அம்மாவுக்கும் அது தெரியுமே."

மிளகு யோசித்தாள். "நான் எண்ணட்டுமா?"

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினான். ரீட்டை வாயில் வைத்து ஈரமாக்கினான். ஊதினான். மூன்று வாரம் தொடாததால் 'கீச்' என்றது. மறுபடி ஊதினான். சுரம் நின்றது.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு..." என்று மிளகு கடகடவென எண்ணினாள்.

அவன் சட்டென்று நிறுத்தினான். "என்ன பஸ் பிடிக்கவா ஓடுற? அப்பா இப்படி எண்ண மாட்டாரு."

"பின்னே எப்படி?"

நெட்டை எழுந்து இஸ்திரி மேசைக்குப் பின்னால் போய் நின்றான். இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டான். குரலைத் தடிமனாக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தேய்ப்பாக, நிதானமாக எண்ணினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. ஒன்பது. பத்து..."

"இரு, இரு. எட்டு எங்கே?"

"எது?"

"ஏழுக்கு அப்புறம் எட்டுடா!"

அவன் திருதிருவென்று விழித்தான். மறுபடி எண்ணிப் பார்த்தான். மறுபடியும் ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவினான். "அப்பா இப்படித்தான்... தினமும் இப்படித்தான் எண்ணுவாரு."

"வேணும்னேதான் விட்டாரு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறை வாசலில் நெட்டையின் அம்மா நின்றிருந்தார். கலைந்த தலை, வீங்கிய கண்கள். எப்போது எழுந்து வந்தாரோ தெரியவில்லை.

"நான்கூடச் சண்டை போட்டேன். பையனை இப்படி ஏமாத்தலாமான்னு கேட்டேன். 'ஒரே ஒரு எண்தானே, அந்தப் பொண்ணு விடாம துரத்திக்கிட்டே வருது, என் பிள்ளை ஜெயிச்சுட்டுப் போகட்டுமே'ன்னாரு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. நெட்டை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டான். அவனும் அழுதான். அப்பா போன நாளிலிருந்து அவன் அப்படி அழுததே இல்லை.

மிளகு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டைச் சொல்லாமல் எண்ணிய பதினான்கு, உண்மையில் பதிமூன்றுதான். அவளுடையதும் பதிமூன்று. அவன் ஒரு நாளும் அவளை ஜெயிக்கவே இல்லை! போன மாதமாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லிக் குதித்திருப்பாள். இன்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர்கள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, "வாடா, ஊது. இன்னொரு தடவை" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதினான். அன்று ஆறுக்கு மேல் மூச்சு நிற்கவில்லை. போகும்போது மிளகு பெட்டியை எடுக்கவில்லை.

"நாளைக்குப் புதன். உன் நாள் ஆச்சே" என்றான் அவன்.

"எனக்கு வாய் வலிக்குது. நீயே ஊது."

வியாழக்கிழமை நெட்டை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மடிப்பு ஒன்றிரண்டு கோணலாக இருந்தது. அவனே தேய்த்திருக்க வேண்டும். மியூசிக் சார் எதுவும் கேட்காமல் பெயர்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டார். மிளகு முதலில் ஊதித் தேறினாள்.

"அடுத்தது நீ. ஊது, நான் எண்ணுறேன்" என்றார் நெட்டையிடம்.

"சார், நான் எண்ணுறேன் சார். எனக்குத்தான் அவன் எண்ணிக்கை தெரியும்" என்றாள் மிளகு.

சார் தலையசைத்தார். நெட்டை மூச்சை இழுத்தான். சுரம் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. மிளகு நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. ஒன்பது."

சார் சட்டென்று நிமிர்ந்தார். நெட்டையின் கண்கள் நிறைந்தன. ஆனால் சுரம் நடுங்கவில்லை. பத்தையும் தாண்டிப் போனது. பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டில் மூச்சு தீர்ந்து கிளாரினெட்டை இறக்கினான்.

"விட்டுப்போன அந்த ஒரு எண்ணைக் கழிச்சாலும் பதினொண்ணு வருது. தேறிட்டான்" என்றார் சார். "அது சரி, எட்டு எங்கே போச்சு?"

நெட்டை மிளகைப் பார்த்தான்.

"அவங்க வீட்டுக் கணக்குல எட்டு கிடையாது சார்" என்றாள் மிளகு.

சார் அதற்கு மேல் கேட்கவில்லை. பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுப் பட்டியலை மூடினார். அன்று வியாழக்கிழமை, நெட்டையின் நாள். பெட்டியை அவன் எடுத்துப் போனான். மிளகு வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.