அடக்கி வைத்தது

விடிந்ததும் சாயல்குடி வீடுகளில் முதலில் கேட்பது நீர்மீட்பியின் உறுமல்தான். வீட்டார் கழிக்கும் சிறுநீரை வாங்கிச் சுத்தப்படுத்தும் எந்திரம் அது. அடிப்படைப் பங்குக்கு மேல் ஒரு குவளை நல்ல தண்ணீர் வேண்டுமென்றாலும் அதற்கு ஈடாக உடம்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். அதனால் ஊரில் யாரும் வெளியிடத்தில் ஒதுங்குவதில்லை. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவதுதான் அங்கே குடும்பப் பொறுப்பு. சிரிக்காதீர்கள், அங்கே பிறந்திருந்தால் நீங்களும் ஓடித்தான் வருவீர்கள்.

காற்றாலை மெக்கானிக் சந்தனமாரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். நாளெல்லாம் காத்திருந்தும் ஒரு தம்ளர்கூடத் தேறாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கணவன் வேல்ச்சாமியும் மகள் யாழரசியும் கொடுப்பதில் தானும் பங்கு வாங்குகிறோமே என்று மனம் குறுகிப்போனாள்.

உடம்பில் சேரும் நஞ்சை வடிக்க வயிற்றுக்குள் குழாய் வைத்தால் பிழைத்துவிடலாம் என்றார் டாக்டர் பாத்திமுத்து. மயக்கம் கொடுத்து வயிற்றைக் கீறிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது இடத்தை மரக்கச் செய்து, ஊசிக்கை என்னும் எந்திரக் கரம் தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு துளை போடும். துளை வழியே மெல்லிய கம்பி போகும், கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாய் போகும். சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலில் ஏறச் சொன்னார்கள். போய்விட்டு வந்ததாகச் சொன்னாள் சந்தனமாரி.

ஊசிக்கை இறங்கப்போகும் நேரம். கடைசியாக ஒருமுறை, உள்ளிருப்பதைத் திரையில் காட்டும் ஒலிக்கண்ணை அடிவயிற்றில் வைத்துப் பார்த்த டாக்டர் சட்டென்று எந்திரத்தை நிறுத்தினார். ஊசி இறங்கவேண்டிய இடத்திலேயே சிறுநீர்ப்பை நிறைந்து கிடந்தது.

"குத்தியிருந்தா பையில ஓட்டை விழுந்திருக்கும்க்கா. ஏன் பொய் சொன்னீக?"

சந்தனமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முந்தாநாள்ல இருந்து சேத்து அடக்கி வச்சிருக்கேன் டாக்டரம்மா. இங்க விட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிரும். எங்க வீட்டுக்கு என்னால ஆனது இம்புட்டுத்தான்."

டாக்டரும் அந்த ஊர்க்காரர்தான், திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். மருந்துநீர்ப் பைகள் கடல்நீர் ஆலையிலிருந்து இலவசமாக வீடு தேடி வரும். அந்த நீரைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டால், சில மணி நேரத்தில் உடம்பின் நஞ்சை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை நீர்மீட்பிக்குள் வடித்துவிடலாம். அதுவும் உடம்பிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். வேல்ச்சாமியும் மகளும் சேர்ந்து கொடுப்பதைவிட அது அதிகம்.

"இனிமே உங்க வீட்டுல நீங்கதான் நெறையக் கொடுக்கப்போறீக. மொதல்ல போயி அதை விட்டுட்டு வாங்க."

போய்விட்டு வந்தாள். டாக்டர் சொன்னபடி தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கினாள். ஊசி உள்ளே போனது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. டாக்டருக்கு நன்றி சொன்னாள். எந்திரத்தையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டாள். இப்படியொரு வழியை முதலில் யோசித்த, பேர் தெரியாத யாரோ ஒருவரையும் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

புண் ஆறி, வீட்டில் முதன்முதலாக நீர் வடித்த அன்று, எந்திரம் உறுமி ஒரு குடம் நிறைத்தது. யாழரசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணியால் தலையைத் துடைத்தே வளர்ந்த பெண் அவள்.

"தலைக்கு ஊத்திக்கம்மா," என்றாள் சந்தனமாரி.

"எவ்வளவும்மா ஊத்தலாம்?"

"போதும்னு தோணுற வரைக்கும்."

அது எவ்வளவு என்று யாழரசிக்குத் தெரியவில்லை. சந்தனமாரி குவளையை வாங்கி மகளின் தலையில் தானே ஊற்றத் தொடங்கினாள்.