முதல் வகுப்புக் குதிரை

மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தாள் மதுரவேணி. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துடைக்க நேரமில்லை.

"விழறது எத்தனாவது பாடம் மேடம்?" என்றான் லாயக்காரன் சேவுகன், கடிவாளத்தைப் பிடித்தபடி.

"வாயை மூடு. இடது காலை வளையத்துல வெச்சு, வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடணும். அவ்வளவுதான்."

"அதைத்தானே மூணு தடவையும் செஞ்சீங்க?"

குதிரை சிலையாக நின்றது. எத்தனை ஒழுக்கம் என்று அந்த அவசரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நவமணல் கிரகத்தில் வருஷத்துக்கு நாலைந்து முறை காந்தச் சூறை வீசும். வீசினால் ஊர்திகள், பேசிகள், இயந்திர மனிதர்கள் எல்லாம் மூன்று நாளைக்குப் பிணம். அதற்காகத்தான் பூமியிலிருந்து கருவாகக் கொண்டுவந்து குதிரை வளர்த்தார்கள். ஏறி ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவரும் கூடவே வரவில்லை, புத்தகங்கள் வந்தன. அவற்றில் ஆயிரத்து முந்நூற்றைக் கரைத்துக் குடித்தவள் மதுரவேணி. சேணத்தில் உடல் சமநிலை பற்றிய அவள் ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. குதிரையியல் கழகத்தின் தலைவி பதவியும் கிடைத்தது. குதிரை மேல் உட்காரும் சந்தர்ப்பம்தான் கிடைக்கவில்லை. இதுவரை வந்த சூறைகளில் அப்படி ஒரு தலைபோகிற அவசரம் வந்ததில்லை. கருத்தரங்கு நடத்தியே காலம் ஓடிவிட்டது.

இன்று வந்தது. காலையில் வீசிய சூறை எல்லாவற்றையும் சாகடித்த கையோடு, வடக்குப் பாறைப் பிளவிலிருந்து மஞ்சள் நச்சு வாயு கிளம்பிவிட்டது. காற்று போகும் திசையில், இங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கம். உள்ளே நாற்பது பேர். அதில் ஒருவன் அவள் கணவன் திருமாறன். ஒன்றரை மணி நேரத்துக்குள் யாராவது போய்க் கதவை அடைக்கச் சொல்லாவிட்டால் நாற்பது பேரும் காலி. மனிதக் கால் அதற்குள் போய்ச் சேராது. குதிரைக் கால் சேரும்.

நான்காவது முயற்சியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் குதிரையின் அறிக்கைகள் வருஷா வருஷம் அவள் மேஜைக்கு வந்தவை. நடை, பாய்ச்சல், தாண்டல் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஓடு!"

குதிரை கண்களை மூடிக்கொண்டது. காதுகள் பின்னால் மடிந்தன. மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது. கழுத்தில் வியர்வை ஆறாக ஓடியது. வாயில் நுரை. கால்கள் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை.

குதிகாலால் உதைத்தாள். முழங்காலால் நெருக்கினாள். இது பற்றி மூன்று மரபுகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்தாள். பத்து நிமிடம் போய்விட்டது. வடக்குக் குன்றின் தலைமேல் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது.

"சேவுகா! ஏன்டா நிக்குது?"

"நிக்கலையே மேடம். ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"என்ன உளர்றே?"

"நாலு வருஷமா தலையில நினைவேற்றியை மாட்டி, தினம் எட்டு மணி நேரம் ஓட்டப் பாடம் ஏத்தினாங்க. 'ஓடு'ன்னா கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே ஓடும். பரீட்சையும் அப்படித்தான். இந்நேரம் நாலு கிலோமீட்டர் தாண்டியிருக்கும்."

"வெளியில... நெசமா ஓடினது?"

"லாயத்தை விட்டு இன்னிக்குத்தான் மொத மொத வெளிய வருது. அதுவும் நாலு பேர் தள்ளி."

"ஏன்? ஒரு நாள்கூடவா அவுத்து விடத் தோணல உனக்கு?"

"தோணுச்சு மேடம். கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்துச்சு." சேவுகன் தலை குனிந்துகொண்டான். "'இறுதித் தேர்வு முடியும் வரை வெளியே ஓடியாடி விளையாட விட வேண்டாம், அடிபட்டால் மதிப்பெண் போய்விடும்'னு. கீழ உங்க கையெழுத்து."