ஒரே இரவில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்

காலை 7.40.

ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிய தம்பி, புதுக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். அடுத்த நிமிடம் அக்காவுக்குப் போன் பறந்தது.

"அக்கா, வண்டி ராத்திரியோட ராத்திரியா பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு!"

"தூக்கம் தெளிஞ்சுதா இல்லையா உனக்கு?"

"சத்தியமாக்கா. நேத்து சாயங்காலம் மீட்டர்ல இருநூத்திப் பதினாலு. இப்போ பன்னிரண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு. பூட்டு போட்டது போட்டபடி இருக்கு."

அக்கா வாகனப் பதிவு அலுவலகத்தின் ஒரே ஆய்வாளர். பதினொரு மணிக்கு இந்தக் காரைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டியவளும் அவளே. திங்கட்கிழமை தம்பிக்குப் புது வேலை; கார் இருந்தால்தான் வேலை. அதற்காக மறைந்த அப்பாவின் பழைய காரை மனதைக் கல்லாக்கிக்கொண்டு விற்று, எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைத்த இதை ஒரு தரகர் மூலம் வாங்கியிருந்தான்.

8.05.

வந்தவள் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து டயரைத் தடவினாள். புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் முடிகள், தரையில் உருளும் இடத்திலேயே சில இன்னும் நின்றன. அப்பா புது டயர் போட்ட அன்று இருவரும் போட்டி போட்டு இவற்றைப் பிடுங்கி, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

"வண்டி ஓடலடா. மீட்டர் மட்டும் ஓடியிருக்கு."

"மீட்டரைக் குறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். எவனாவது கூட்டுவானா?"

அவள் பானெட்டைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தாள். முகம் வாடியது.

"இது அந்தப் பக்கத்துப் புகை அளவுக்குச் செஞ்ச எஞ்சின். நம்ம பக்கம் விதி கடுமை. இந்த மாதிரி புது வண்டியை இங்கே பதிய முடியாது. பன்னிரண்டாயிரம் ஓடிட்டா அது பழைய வண்டிக் கணக்கு, அதுக்கு இந்தத் தடை இல்ல."

"அப்போ யாரோ எனக்கு நல்லதுதானே பண்ணியிருக்காங்க?"

"குத்தம் பண்ணியிருக்காங்க. நேத்து யார் யார் வந்தா?"

"அஞ்சு மணிக்கு வண்டியை நிறுத்தி, கால்மிதியைத் தட்டிப் போட்டேன். உடனே மழை. ஆறு மணிக்குத் தரகர். ஆறரைக்கு ஸ்பானர் மாமா. ஏழுக்குப் பூட்டிட்டேன்."

ஸ்பானர் மாமா முப்பது வருடம் அப்பாவின் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். அதை விலைக்கு வாங்கிக்கொண்டவரும் அவர்தான்.

"யாரையாவது தனியா விட்டியா?"

"ரெண்டு பேருக்குமே டீ வாங்கப் போனேன்."

"டீ வாங்கியே வீணாப் போ."

8.30. தரகருக்குப் போன்.

"இங்கே பதிவாகும்னு ரசீதுல எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆகலைன்னா?"

"ஆகாம எங்க போகும் மேடம்? கார்னா எல்லா இடத்துலயும் கார்தான்."

"நேத்து வண்டிக்குள்ள உட்கார்ந்தீங்களா?"

"சேத்துக் காலோட எங்க உட்கார்றது? வாசல்லயே நின்னேன்."

தம்பி குதித்தான். "இவனேதான்! பதிவாகலைன்னா பணத்தைத் திருப்பணும்ல!"

அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். ஷட்டர் வரைக்கும் தரகரின் ஷூத் தடம் சேற்றில் பதிந்திருந்தது. ஆனால் மீட்டரில் கைவைக்க டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். அங்கே கால்மிதியில் ஒரு பொட்டு மண் இல்லை. ஆக்ஸிலரேட்டரின் அடியில் மட்டும், ஈரத்தில் ஒட்டிக் கிழிந்த செய்தித்தாள் மூலை ஒன்று கிடந்தது.

அவள் அதை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தாள். "கிளம்பு," என்றாள் மெதுவாக.

9.10.

ஸ்பானர் மாமாவின் ஒர்க்ஷாப். மூலையில் அப்பாவின் கார். உதிரி பாகத்துக்கென்று வாங்கியவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"மாமா, யார் வண்டியில ஏறினாலும் காலுக்குக் கீழே பேப்பர் விரிச்சுட்டுத்தானே உட்காருவீங்க? அந்தப் பேப்பர்ல நானும் இவனும் தலைகீழா சினிமா விளம்பரம் படிப்போம்." கைக்குட்டையை விரித்தாள். "நேத்தும் விரிச்சீங்க."

மாமா கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் துடைத்தார்.

"லேபிளைப் பாத்தேன்மா. புள்ள ஏமாந்துட்டானேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. மீட்டர் மாத்துற மிஷின் பையில இருந்துச்சு. நீதானே பாக்கப்போற, கண்டுக்காம கையெழுத்துப் போட்டுடுவன்னு நினைச்சேன்."

"அதுதான் மாமா எனக்கு வலிக்குது."

அவர் தலைகுனிந்தார். தம்பியின் கண் கலங்கியது.

"மீட்டரைப் பழையபடி வைங்க. என்ன நடந்ததுன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும். வண்டியை நான் நிராகரிக்கிறேன். ரசீதைக் காட்டித் தரகர்கிட்ட முழுப் பணமும் வாங்கலாம்."

"திங்கட்கிழமைக்கு என்னக்கா பண்றது?" தம்பியின் குரல் உடைந்தது.

அக்கா மூலையைப் பார்த்தாள். "அப்பா வண்டிக்கு அது பொறந்த வருஷத்துப் புகை விதிதான். போன மாசம்தான் நானே சோதிச்சுப் பாஸ் போட்டேன்."

புகை கக்கும் அப்பாவின் வண்டிக்கு இங்கே இடம் உண்டு. பளபளக்கும் புதுசுக்கு இல்லை. தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மாமா ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

9.40.

சாவியைத் திருகினான். இருமியது, நின்றது. மறுபடி இருமியது, நின்றது.

யாரும் சொல்லாமலே அக்கா கைப்பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, சின்ன வயதில் அப்பாவோடு வண்டி தள்ளும்போது தனக்கென்று இருந்த பின்பக்க இடது மூலையில் போய்க் கைவைத்தாள். வலது மூலையில் மாமா நின்றார். நடுவில், அப்பா நிற்கும் இடத்தை இருவரும் காலியாகவே விட்டுத் தள்ளினார்கள்.