நனையக் கூடாத கோட்டு

வியாழன், காலை 6.40. தோங்யோங் படகுத்துறை.

சிப்பிப் பண்ணைக்குக் கிளம்பியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். துறையின் அடியில், முழங்காலளவு தண்ணீரில், கற்களுக்கு நடுவே விஞ்ஞானி டாக்டர் நம்குங் ஹ்யோன் குப்புறக் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் தாக் யுன்ஹே வந்தபோது உடலை மேலே ஏற்றியிருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கைப்பகுதியைப் பிடித்துப் பிழிந்தாள். கொட்டியது. ஈரமான தன் உள்ளங்கையைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள்.

பிற்பகலில் போலீஸ் மருத்துவர் போன் செய்தார். “மூச்சு முட்டித்தான் செத்திருக்கார். நுரையீரல்ல உப்புத் தண்ணி. நேத்து சாயங்காலம் ஏழு மணி வாக்குல. பிடரி கன்றிப்போயிருக்கு. பாறையில இடிச்சிருக்கலாம்.”

ஊர் அதற்குள் கொலைகாரனைப் பிடித்துவிட்டது. சிப்பிப் பண்ணைக்காரர் குவாக் தொக்பே. முந்தின நாள் மதியம் இதே துறையில் டாக்டரைப் பார்த்து அவர் கத்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது.

“கத்தினீங்களா?” என்று கேட்டாள் தாக்.

“கத்தினேன்.”

“என்னன்னு?”

“‘என் சிப்பியைக் கொன்ன மாதிரி உன்னையும் இந்தக் கடல்ல அமுக்கணும்டா’ன்னு.” குவாக் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த வாய் இருக்கே மேடம், எனக்கு முன்னாடி ஓடிடும்.”

“அவர் என்ன சொன்னார்?”

“இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு. ‘தப்பு உங்க கயித்துல பூசின எங்க பூச்சுலதாண்ணே. உதிர்ந்து தண்ணியில கலக்குது. சனிக்கிழமை பண்ணைக்காரங்க சங்கக் கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்’னாரு. எனக்காகப் பேச இருந்த ஒரே ஆளு. அவரைப் போய் நான் கொல்வேனா?”

“சாயங்காலம் எங்க இருந்தீங்க?”

“வீட்ல. சோஜு குடிச்சுக்கிட்டு. சாட்சிக்கு பாட்டிலைத்தான் கூப்பிடணும்.”

மாலை 4.15. துறைக்கு மேலே, மேட்டில் ஆராய்ச்சிக்கூடம். இறந்தவரோடு சேர்ந்து அந்தப் பூச்சை உருவாக்கிய பியோ இன்சோ கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தான். அவனும் அதே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான்.

“இந்தக் கோட்டுல அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்டாள் தாக்.

“துணி மேல கண்ணுக்குத் தெரியாத முள்ளு மாதிரி ஒரு படலம், மேடம். முள்ளுக்கு நடுவுல காத்து. தண்ணி அந்தக் காத்து மேல உட்காரும், துணியைத் தொடவே தொடாது. கயிறு, வலை, கோட்டு, எதுல பூசினாலும் இப்படித்தான். பாருங்க.”

மேசையிலிருந்த பார்லித் தேநீரை எடுத்துத் தன் தோளில் ஊற்றினான். முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. மேல்கையில் ஓடி இறங்கியது. முழங்கைக்குக் கீழே வந்ததும் நின்று, கறுத்துப் பரவியது. பியோ சட்டென்று காகிதத்தால் ஒற்றி எடுத்தான்.

“அப்போ நம்குங் கோட்டு ஏன் தொப்பலா நனைஞ்சிருந்தது?”

“அவன் கோட்டு பழசு. பூச்சு தேய்ஞ்சிருக்கும்.”

“தேயுதான்னு எப்படிப் பார்ப்பீங்க?”

பின்னறைக் கதவில் விரலை வைத்துத் திறந்தான். “இது எங்க ரெண்டு பேர் விரலுக்குத்தான் திறக்கும்.” உள்ளே ஆள் முழுகும் தொட்டி. மேலே நுரை மிதந்தது. பக்கத்தில் தோள்வரை வரும் ரப்பர் உறைகள் தொங்கின. “கடல் தண்ணியில சோப்புத்தூள். சலவைச் சோதனை.”

“சோப்பு பட்டா?”

“நனைஞ்சிடும். நல்லா அலசிக் காயவச்சா பழையபடி ஆயிடும்.”

“நேத்து நம்குங்?”

“ஆறு மணிக்குக் கிளம்பிட்டான். குவாக்கைப் பார்க்கப் போறேன்னான். வேணாம்டான்னு சொன்னேன்.”

தாக் கையை நீட்டினாள். “உங்க கோட்டைக் கொஞ்சம் கொடுங்க.”

பியோ சிரித்தபடிதான் கழற்றிக் கொடுத்தான்.

சனிக்கிழமை, காலை 11.00. காவல் நிலையம். மேசைமேல் இரண்டு கோட்டுகள். எதிரே பியோ.

“இது நம்குங்கோடது,” என்றாள் தாக். “நல்ல தண்ணியில அலசிக் காயவச்சோம். அப்புறம் அவர் கிடந்த அதே இடத்துல, ராத்திரி முழுக்கக் கல்லு கட்டிப் போட்டோம். காலையில எடுத்து உதறினா, காஞ்சு கிடக்கு. பூச்சு தேயலை, பியோ. கடலுக்கு இந்தக் கோட்டை நனைக்கத் தெரியாது. அவரை நனைச்சது சோப்புத் தண்ணி.”

“நுரையீரல்ல கடல் தண்ணின்னு உங்க டாக்டரே...”

“உங்க தொட்டியிலயும் அதானே? அவர் உப்பை மட்டும் பார்த்தார். சோப்பையும் பாருங்கன்னேன். இருந்தது.”

பியோ உதட்டை நக்கிக்கொண்டான்.

“நீங்களே காட்டிக்கொடுத்த விஷயம் இன்னொண்ணு. தோள்ல உருண்ட தேநீர் முழங்கைக்குக் கீழ ஊறிச்சு. உங்க கோட்டோட ரெண்டு கையிலயும் காஞ்ச சோப்பு. தொட்டி வேலைன்னா அந்த நீள உறையை மாட்டியிருப்பீங்க. அன்னிக்கு மாட்ட நேரமில்ல. ஒரு மனுஷன் பிடரியை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருந்தீங்க. இருட்டினதும் கீழ கொண்டுபோய்ப் போட்டுட்டீங்க.”

பியோ தன் கோட்டின் கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தான்.

“என் இளமையே அந்தப் பூச்சுலதான் போச்சு,” என்றான் பியோ கடைசியில். “ஊர் முன்னால எழுந்து ‘இது விஷம்’னு சொல்லப் போறேன்னான். பயமுறுத்தத்தான் தலையை உள்ள தள்ளினேன். துள்ளினான். அப்போ விட்டிருக்கணும். விடலை.”

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் நம்குங் சொல்ல இருந்ததைக் குவாக் எழுந்து சொன்னார். கத்தாமல் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பூச்சுக் கயிறு கட்டியிருந்தவர்கள் எழுந்து நேரே படகுக்குப் போனார்கள்.

தாக் துறையில் நின்று பார்த்தாள். முதல் படகில் கயிறு மேலே வந்தது. பிறகு அடுத்த படகில். பிறகு அதற்கடுத்ததில். கயிற்றுக்குக் கயிறு, சிப்பிகள் செத்து வாய் பிளந்து தொங்கின.