செத்தவர் எடுத்த கிளாஸ்

ஸ்டேஷன் போன் அடித்தது.

எடுத்தவர் கான்ஸ்டபிள். மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் குரல். அடுக்குமாடிக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கிற அம்மா.

"நாலாவது மாடியில ஐயா செத்துக் கிடக்கார்... மண்டை உடைஞ்சு கிடக்குது."

"எந்த ஐயா?"

"கம்ப்யூட்டர்ல பாடம் எடுப்பாரே... மாஸ்டர்."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்தது. ஃபைலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தன் செல்போனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னம்மா விளையாடறியா? அவர் இப்ப லைவ்ல கிளாஸ் எடுத்துட்டு இருக்கார். நானே பார்த்துட்டு இருக்கேன்."

"அது எனக்கும் தெரியுதுய்யா. வெளி ரூம் டிவியில பேசிட்டுத்தான் இருக்கார்... உள் ரூம்ல செத்துக் கிடக்கார்."

கான்ஸ்டபிளின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"ஜீப்பை எடுங்க. உங்க வாத்தியாரைப் போய்ப் பார்ப்போம்."

*

உள் அறையில் மூச்சு முட்டியது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை. ஜன்னல் இல்லை. வட்ட விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்க, அதன் சூட்டில் ரத்த வாடையும் பழைய காபி வாடையும் கலந்து குமட்டியது.

மாஸ்டர் குப்புறக் கிடந்தார். மேலே இஸ்திரி போட்ட கோட்டு. கீழே கசங்கிய அரை டிராயர். கேமராவுக்குத் தெரிகிற வரைதான் மரியாதை!

பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டு. அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அவர் கையைத் தொட்டாள். சில்லென்று விறைத்துப் போயிருந்தது. விடியும்போதே கதை முடிந்திருக்க வேண்டும்.

வெளி அறை டிவியில் அதே மாஸ்டர். அதே கோட்டு. சிரித்தார்.

'ஓகே ஃப்ரெண்ட்ஸ், சந்தேகம் இருந்தா சாட்ல போடுங்க...'

யாரோ சந்தேகம் போட்டார்கள். மாஸ்டர் அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு விளக்கினார். சிவப்பு இதயங்கள் குமிழ் குமிழாக மேலே பறந்தன.

இன்ஸ்பெக்டர் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"இவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கான்ஸ்டபிளைக் கேட்டாள்.

கான்ஸ்டபிள் நெளிந்தார். அந்த வகுப்பில் அவரும் சேர்ந்திருந்தார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆன்லைன் வாத்தியாராகிற உத்தேசம்.

மாஸ்டரின் வரலாறு அவருக்கு மனப்பாடம். பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் டெவலப்பராக இருந்தவர். பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளக்கி விளக்கி, அந்த விளக்கத்தையே வீடியோவாகப் போட்டார். பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் வேலையை விட்டார். முதலில் புரோகிராம் கோடு எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் இன்டர்வியூவில் பேசக் கற்றுக்கொடுத்தார். கடைசியில், ஆன்லைனில் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர் கடைசியா எப்பய்யா கோடு எழுதினார்?"

"அது... அந்தப் பேச்சு வராது மேடம்."

"த்தூ..." என்றாள் இன்ஸ்பெக்டர், யாரையும் பார்க்காமல்.

மாஸ்டரின் மனைவிக்குப் போன் போட்டாள். நேற்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாக மனைவி சொன்னாள். பின்னணியில் மாஸ்டரின் குரல் கேட்டது. தினமும் வகுப்பின்போது சாட்டில் வருகிற சந்தேகங்களுக்குப் பதில் போடுவது அவள் வேலையாம்... இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்மா."

மறுமுனையில் கதறல். உடனே வருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

*

அடுத்து வந்து நின்றவன் பார்ட்னர். மாஸ்டரோடு பழைய கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவன். வியாபாரக் கணக்கு முழுக்க அவன் கையில். கீழே காருக்குள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவனை ஒரு போலீஸ்காரர் கூட்டி வந்திருந்தார்.

டிவியில் பேசுவது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். பழைய வீடியோ என்றான். பழைய வீடியோ எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று கேட்டதும் வியர்த்தான்.

"டூப் மேடம். அவர் முகம், அவர் குரல், எல்லாம் கம்ப்யூட்டர் பண்றது. கேள்வி கேட்டா அதுவா பதில் சொல்லும். ரெண்டு பேரும் யாருக்கும் தெரியாம ரெடி பண்ணோம். நேத்து ராத்திரிதான் முடிச்சு அவருக்கு அனுப்பினேன். அதுவரைக்கும் அவரே முழுசா பார்த்ததில்ல."

"இன்னிக்கு அதை ஓட விட்டது?"

பார்ட்னர் தலையைக் குனிந்தான்.

"கிளாஸுக்கு முன்னாடி வந்தேன். கிடந்தார். தொட்டுப் பார்த்தேன்... உயிர் இல்ல."

"போலீஸுக்கு ஏன் சொல்லல?"

"கிளாஸ் ஆரம்பிக்க நேரமாயிடுச்சு மேடம்."

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தாள். இருபது வருட சர்வீஸில் எத்தனையோ பிணங்களை முகம் சுளிக்காமல் பார்த்தவள். இப்போது முகம் சுளித்தாள்.

"பிணத்தைத் தாண்டிப் போயா அவர் லேப்டாப்பை எடுத்த?"

"மிதிக்கல மேடம்... சுத்திட்டுத்தான் போனேன்."

கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவைப் பூட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்து டூப்பை ஓட்டியிருக்கிறான். பெருக்குகிற அம்மாவிடம் இன்னொரு சாவி இருப்பது அவனுக்குத் தெரியாது. கொலை தான் செய்யவில்லை என்று அடித்துச் சொன்னான். யாரும் நம்புகிற மாதிரி இல்லை. இனி மாஸ்டர் பங்கும் கேட்க மாட்டார், லீவும் கேட்க மாட்டார். லாபம் மொத்தமும் இவனுக்கு!

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"இருங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே வந்தவள் டிவி பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அந்தக் கருமத்தை முதல்ல நிறுத்துங்க."

பார்ட்னர் லேப்டாப்பைத் தட்டினான். மாஸ்டர் வாயைத் திறந்தபடி உறைந்து, மறைந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியை உட்காரச் சொன்னாள்.

"அம்மா, மாஸ்டர் செத்துட்டார்னு சொன்னதும் எங்க கான்ஸ்டபிள் என்ன சொன்னார் தெரியுமா? 'லைவ்ல கிளாஸ் எடுத்துட்டு இருக்கார்'னு. நாங்க வரும்போது கீழே வாட்ச்மேனும் அதையேதான் சொன்னார். நான் போன் பண்ணப்ப உங்க பக்கத்துலயும் அதே கிளாஸ் ஓடிட்டு இருந்துச்சு. நீங்க மட்டும் அப்படிச் சொல்லல. நேரா அழுதீங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது டூப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அது ராத்திரிதான் இங்க இருந்த லேப்டாப்புக்கு வந்து சேர்ந்துச்சு. காட்டியிருந்தா அவர்தான் காட்டியிருக்கணும். அப்படின்னா அக்கா வீட்டுல இருந்தேன்னு சொன்னது பொய். விடியக்காலம் இங்க வந்திருக்கீங்க."

பார்ட்னர் வாயைப் பிளந்தான்.

மனைவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்தபோது குரலில் அழுகை இல்லை.

அவளும் டெவலப்பர்தான். அவர் பேச்சைக் கேட்டு வேலையை விட்டவள். அவர் வாயசைத்த பாடமெல்லாம் அவள் எழுதியது. ஒரே ஒரு நாள் தானும் கேமரா முன்னால் நின்று நடத்துவதாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே வருஷங்கள் ஓடின.

"விடியக்காலம் போன் பண்ணி வரச் சொன்னார். கூப்பிட்டு உட்கார வச்சு அதைக் காட்டினார். 'நீ எழுதின பாடத்தையெல்லாம் இதுக்கு ஊட்டியாச்சு. இனிமே இதுவே எழுதும், இதுவே பேசும். நானே தேவையில்ல... நீ எதுக்கு?'ன்னார். சொல்லிட்டு என் பக்கம்கூடத் திரும்பல. அது சிரிக்கறதைப் பார்த்து அவரும் சிரிச்சுட்டு இருந்தார்."

நிறுத்தினாள்.

"ஓங்கி ஒரே அடிதான். அது கடைசி வரைக்கும் சிரிச்சுட்டே இருந்துச்சு."

வட்ட விளக்கின் சூடு வெளி அறை வரைக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அதை அணைத்தாள். கொலைகாரியைப் பிடித்த திருப்தி துளியும் இல்லை. கை இரண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் போலிருந்தது.

இரண்டு விலங்குகளுக்கு வேலை வந்தது. ஒன்று மனைவிக்கு. இன்னொன்று, பிணத்தைச் சுற்றிப் போய்ப் பூட்டிவிட்டு வந்த பார்ட்னருக்கு.

படி இறங்கும்போது கான்ஸ்டபிள் பின்னாலேயே வந்தார்.

"மேடம்... மாஸ்டர் இறந்துட்டார்னு சாட்ல போட்டேன். எல்லாரும் அழறாங்க."

"பரவாயில்லையே... அவ்வளவு பாசமா?"

"இல்ல மேடம். கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட் வராதேன்னு."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கண்டிப்பா வரும்னு போடுங்க... டெத் சர்டிபிகேட்."